மண்ணுக்கு மேல்பக்கம் தெரியும்

பெங்களூரு
8 ஜனவரி 2024

அண்ணா,

இந்தக் கடிதம் ஒன்றரைச் சாண் உயரமுள்ள இரண்டு தகரப்பெட்டிகளோடு வருகிறது. என் கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கி எறியத் தோன்றும். எறி, ஆனால் படித்துவிட்டு எறி.

நீ பேசாவிட்டாலும் உன் வீட்டுக்காரி அஜிதா மைனி போனில் எல்லாம் சொன்னாள். ஏலா வயல்வெளியில் நம் வயலில் என் பங்குக்கு வந்த வடக்குப் பாதியையும் நீயே எடுத்துக்கொள்ளப் போகிறாயாம். அதில் வளர்ந்து நிற்கிற காட்டை டெனிஷின் ஜேசிபியை விட்டுப் பிடுங்கி, மேடுபள்ளம் இல்லாமல் நிரப்பாக்கி, உன் தெற்குப் பாதியைப்போல அங்கேயும் ஏத்தன் வாழை வைக்கப் போகிறாயாம். என் சம்மதம் வேண்டுமாம். கேட்டதும் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் தருகிறேன். இங்கே மண் ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கே விவசாயம் பார்க்க என்னால் முடியாது.

அப்பா இறந்து பங்கு வைத்த அன்று, வந்திருந்த எல்லார் முன்னிலையிலும் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மண்ணைக் கண்ணாடியில பாக்கப் போனவளுக்கு மண்ணு எதுக்கு?" நானும் சும்மா இருக்கவில்லை. "எனக்க பாதியில ஒருத்தரும் கால் வைக்கப்பிடாது, அது காடாப் போனாலும் சரி" என்றேன். "இனி உனக்ககூட எனக்குப் பேச்சில்ல" என்றாய் நீ. பதினான்கு வருடமாக நீ உன் சொல்லைக் காப்பாற்றினாய். என் சொல்லை நிலம் காப்பாற்றியது.

இப்போது அதே மண்ணில் இரண்டு பெட்டி கேட்கிறேன். உன் பக்கத்தில் ஒன்று, என் பக்கத்தில் ஒன்று. யோசித்துப் பார், இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே மழை, அப்பா உழுத ஒரே உழவு. வரப்பு போட்ட பிறகுதான் இரண்டும் வேறு வேறு வழிக்குப் போயின. உன் பாதி வாழையும் டில்லருமாக இருந்தது, என் பாதியை ஒரு மண்வெட்டிகூடத் தொடவில்லை. இப்படி ஒரு சோதனையை நான் வேண்டுமென்று செய்ய நினைத்தாலும் செய்திருக்க முடியாது. அதன் உட்புறம் எப்படி இருக்கிறது என்று இயந்திரம் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெட்டியில் அம்புக்குறி போட்டு அனுப்பு. அதற்குப் பிறகு உன் விருப்பம்.

முத்துக்கனி


அய்யா உண்டு.

திருவட்டாறு
22 ஜனவரி 2024

முத்துக்கனி அறிவது,

உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மண் அனுப்பியிருக்கிறேன். எனக்கு மண் எடுக்கத் தெரியாது என்று நினைத்திருப்பாய். விவசாய ஆபீசில் சொல்லித் தந்தபடி பக்கத்துக்கு ஐந்து இடத்தில் தோண்டி, ஒன்றாகக் கலந்து, வேரும் கல்லும் பொறுக்கி, கட்டியை உடைத்து, அரித்து, நிழலில் ஈரம் போக உணர்த்தி, பெட்டியில் இறுக்கி நிறைத்திருக்கிறேன். ஒரு சருகுகூட இருக்காது. உன் மைனி, "கல்யாண வீட்டுக்கு மாவு சலிக்கியளா?" என்று கேலி செய்தாள்.

சம்மதம் தருவதாக எழுதியது நல்லது. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் காட்டால் நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது. பன்றி அங்கேதான் படுக்கிறது, பாம்பும் அங்கேதான். அதுகூடப் போகட்டும், மழை பெய்தால் உன் பக்கத்துத் தண்ணீர் வரப்பைத் தாண்டி வந்து என் வாழை மூட்டில் நிற்கிறது. வேர் அழுகுகிறது. ஆனி ஆடிக் காற்றில் குலை தள்ளின வாழை மூட்டோடு சாய்கிறது. முட்டுக்கொடுத்தும் பயனில்லை. வடசேரிச் சந்தைக்குப் போகவேண்டிய குலை வயலில் கிடந்து அழுகுவதைப் பார்த்தால் வயிறு எரியும். காட்டை மாற்றி, இடையில் இருக்கிற வரப்பை எடுத்தால் தண்ணீர் ஒழுங்காகப் போகும். என் வாழை பிழைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

டெனிஷ் மார்ச் கடைசியில் வருகிறேன் என்றிருக்கிறான்.

பொன்னுலிங்கம்


பெங்களூரு
2 பிப்ரவரி 2024

அண்ணா,

பெட்டியைத் திறந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தப்பு என்னுடையதுதான், விளக்கமாக எழுதவில்லை.

நீ செய்தது உரத்துக்காக மண் பரிசோதிக்கிற முறை. மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்க அது சரி. நான் பார்க்கப் போவது வேறு. ஒரு வீட்டில் எத்தனை அறை, எங்கே வாசல், எங்கே ஜன்னல் என்று கேட்டேன். நீ வீட்டை இடித்து, செங்கலைப் பொடித்து, சலித்து அனுப்பியிருக்கிறாய்! அவ்வளவு சுத்தமாக வேறு!

மண் என்றால் துகள் மட்டும் இல்லை அண்ணா. நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெறும் இடம்தான். அந்த இடத்தில்தான் தண்ணீர் போகும், காற்று போகும், வேர் போகும், நம் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பிராணிகள் குடித்தனம் நடத்தும். எனக்கு வேண்டியது அந்த வெறும் இடம். அது கலையாமல் வரவேண்டும்.

என் கையில் வந்ததும் அதைப் பைய உணர்த்தி, ஒரு பிசினை ஊற்றுவேன். பிசின் எல்லாத் துளையிலும் இறங்கி, வாரக்கணக்கில் உறைந்து, மண்ணைக் கல்லாக்கிவிடும். அதை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லியதாகும்வரை தேய்ப்பேன். நுண்ணோக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தால் மண்ணுக்குள் வெளிச்சம் புகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்திமூன்று வயது. அன்று வாய் பிளந்தது, இன்னும் மூடவில்லை.

அதனால் மறுபடியும் ஒரு உபகாரம் செய். இரண்டு பெட்டியையும் திருப்பி அனுப்புகிறேன், அடியும் மூடியும் கழற்றக்கூடியவை. இரண்டையும் கழற்றிவிட்டு, வெறும் சட்டத்தைத் தரையில் வைத்து நேராக இறக்கு. சுற்றிலும் வெட்டி, மண் அசையாமல் அப்படியே எடுத்து, அடியும் மூடியும் போட்டு, துணி சுற்றி அனுப்பு. வேரைப் பிடுங்காதே. புழு இருந்தால் அதுவும் வரட்டும். அம்புக்குறி மறக்காதே.

முத்துக்கனி


அய்யா உண்டு.

திருவட்டாறு
15 பிப்ரவரி 2024

முத்துக்கனி அறிவது,

சலித்தது நான், குற்றம் சொல்ல நீ. சவம், இதையும் செய்து தொலைத்தேன்.

உன் மைனி பிடிக்க, நான் இறக்கினேன். என் பக்கத்துப் பெட்டியில் "தெ" என்றும் உன் பக்கத்துப் பெட்டியில் "வ" என்றும் எழுதியிருக்கிறேன். அம்பும் போட்டாயிற்று. உன் காட்டுக்குள் நான் நுழைந்தது பங்கு வைத்த பிறகு இதுதான் முதல் தடவை. கால் வைக்கக் கூடாது என்றவளே கூப்பிட்டதால் நுழைந்தேன், அதையும் குறித்துக்கொள்.

உன் பக்கத்தில் பெட்டியை வைத்துக் கையால் அமுக்கினேன், வெண்ணெயில் இறங்கினமாதிரி இறங்கிவிட்டது. என் பக்கத்தில் மரக்கட்டையால் ஓங்கி அடிக்கவேண்டியிருந்தது. தகரத்தின் விளிம்பு மடங்கிவிட்டது. "இஞ்ச மட்டும் எதுக்கு இந்த அடி அடிக்கிய?" என்றாள் உன் மைனி. உன்னுடையது காட்டுமண், பொதுபொதுவென்றுதான் இருக்கும். வாழை நிற்க மண்ணுக்கு உறப்பு வேண்டும், கேட்டியா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ கண்ணாடியில் எதைக் கண்டதாகச் சொன்னாலும் நான் நம்பவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு பிடி மண்ணைப் படம் எடுத்து என்ன கதையும் சொல்லலாம். பங்குனித் திருவிழா முடிந்ததும் இயந்திரம் ஏறும். கையெழுத்தை அனுப்பு.

பொன்னுலிங்கம்


பெங்களூரு
28 மார்ச் 2024

அண்ணா,

உடனே பதில் எழுது. அதுவரை டெனிஷை நிறுத்தி வை, கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டு மண்ணையும் தேய்த்துக் கண்ணாடியில் ஏற்றிவிட்டேன். பார்த்தால் ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்தவள், காலை முழுவதும் எனக்குக் கண்தான் போய்விட்டதோ என்று உட்கார்ந்திருந்தேன். மேலே இருக்கவேண்டிய சருகுத்துண்டு அடியில் இருக்கிறது. மண்புழுவின் எச்சமும் அடியில்தான். சரி, ஏதோ குழி தோண்டி மூடிய இடம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் துளைகளைப் பார்த்தேன்.

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது மிக நுண்ணிய களியைச் சுமந்துகொண்டு போகும். ஒரு துளையில் தண்ணீர் நின்று வற்றினால், அந்தக் களி துளையின் தரையில் படியும். பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்த கிளாசில் பொடி அடியில் தங்குமே, அதேபோலத்தான். கண்ணாடியின் கீழே அது பிறைநிலா வடிவத்தில், தேன்நிறத்தில் மின்னும். கிளாசின் வாய்ப்பக்கம் பொடி தங்கி யாராவது பார்த்திருக்கிறார்களா? நீ அனுப்பிய மண்ணில் எல்லாப் பிறையும் துளையின் கூரையில் தொங்குகிறது. ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும். உன் பெட்டியிலும் அப்படி, என் பெட்டியிலும் அப்படி.

அண்ணா, நீ அம்பை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டாய்? கீழே பார்த்தா?

நான் "அம்பு போடு" என்று எழுதினேனே தவிர, அது மேல்பக்கத்தைக் காட்டவேண்டும் என்று எழுதவில்லை. எங்கள் தொழிலில் அதை யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். ஒரே நொடியில் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது.

நீ சொல்லாமல் நான் முடிவுசெய்யக் கூடாது. சொல்.

முத்துக்கனி


அய்யா உண்டு.

திருவட்டாறு
6 ஏப்ரல் 2024

ஏட்டி முத்துக்கனி,

நீ எப்படிக் கண்டாய்?

அம்பைக் கீழே பார்த்துத்தான் போட்டேன். பெட்டியை எந்தத் திசைக்கு இறக்கினேனோ அந்தத் திசைக்கு. ஆணியை எந்தப் பக்கம் பார்த்து அடிக்கிறோமோ அந்தப் பக்கம்தானே அது போகும்? அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் உன் மைனிமேல்தான் பாய்ந்தேன். "நீ போன்ல சொல்லிக் குடுத்தியா?" என்றேன். அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். "அய்யாவாணை நான் ஒண்ணும் சொல்லல்ல. அம்பு எப்படி போட்டியன்னு நான் பாக்கவே இல்லியே" என்றாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அங்கே வேறு யாரும் இல்லை. அப்படியானால் மண்ணுதான் சொல்லியிருக்கிறது.

சாயங்காலம் வயலுக்குப் போய் ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். திருப்பினேன், மறுபடியும் திருப்பினேன். எனக்கு எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது. இதற்குள்ளே இருப்பதற்கு மேல் எது கீழ் எது என்று தெரியும் என்றால்! நான் பிறந்ததில் இருந்து இதன்மேல் நடக்கிறேன். செருப்பு போட்டிருந்தேன், கழற்றிவிட்டு நின்றேன். ஏன் என்று கேட்காதே.

டெனிஷிடம் பொறு என்று சொல்லிவிட்டேன். அவன் முணுமுணுத்தான்.

சரி, இனி சொல். நம்புகிறேன். என் பக்கம் எப்படி இருக்கிறது?

பொன்னுலிங்கம்


பெங்களூரு
17 ஏப்ரல் 2024

அண்ணா,

இதோடு படங்கள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தின் அளவு மண். எல்லாவற்றிலும் மேல்பக்கம் மேலேயே இருக்கிறது.

முதலில் "தெ" என்று எழுதியவற்றைப் பார், உன் பக்கம். மேலே ஓட்டுச்சில்லை அடுக்கினதுபோலப் படுக்கைப் படுக்கையாக இருக்கிறதே, அது டில்லர் அமுக்கிய மண். அதற்குக் கீழே, ஒரு சாண் ஆழத்தில், வெளிச்சமே புகாத கருத்த பட்டை ஒன்று இருக்கும். அதில் திறந்த துளை என்று எதுவுமே கிடையாது. அதைப் பார்த்துக் கோபப்படாதே. அதை நீ உண்டாக்கவில்லை. அப்பாவும், அவருக்கு முந்தியவர்களும் தலைமுறை தலைமுறையாகத் சேற்றுத் தொளி மிதித்து, பரம்புமரம் அடித்து, வேண்டுமென்றே உண்டாக்கியது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்கவேண்டும். அதற்காக வயலுக்கு அடித்தளம் போட்டதுபோல அவர்கள் மண்ணின் வாயை அடைத்தார்கள். அது நெல்லுக்குச் செய்த அருமையான வேலை. ஆனால் அதன்மேல் வாழை வைத்தால் என்ன ஆகும்? வேர் அந்தப் பட்டை வரைக்கும் வரும், முட்டும், பக்கவாட்டில் திரும்பும். மழைத்தண்ணீரும் இறங்க வழியில்லாமல் அதன்மேலேயே நிற்கும். காற்று அடித்தால் பிடிப்பு இல்லாத வாழை சாயாமல் என்ன செய்யும்? உன் வாழையை என் காடு சாய்க்கவில்லை அண்ணா.

அந்தப் பட்டைக்குள் ஆங்காங்கே செங்கல்நிறத்தில் சின்னச் சின்ன வளையம் தெரிகிறதா? அது என்ன தெரியுமா? நெல்லின் வேர் போன வழி. நெல் தண்ணீருக்குள் நின்றாலும் மேலே இருந்து காற்றை உறிஞ்சி வேருக்கு இறக்கும். அந்தக் காற்று பட்டு வேரைச் சுற்றி இரும்புத்துரு பிடிக்கும். வேர் மட்கிப் போன பிறகும் துரு நிற்கும். நம் வயலில் கடைசியாக நெல் நட்டது அப்பாதான். அவர் நட்ட நாற்றின் வேர் இறங்கிய வழி இன்னும் அங்கே இருக்கிறது. நான் அதை எண்ணெய் விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது "வ" என்று எழுதியவற்றை எடு. என் பக்கம்.

அதிலும் அதே பட்டை இருக்கிறது. அதே துரு வளையமும் இருக்கிறது. ஆனால் பட்டை உடைந்திருக்கிறது! மேலே மண் முழுவதும் சிறு சிறு உருண்டையாக, நனைத்த ரவைபோல உதிரி உதிரியாக இருக்கும். ஒவ்வொரு உருண்டையும் ஏதோ ஒரு புழு தின்று கழித்தது. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் வழி. கடுகை நூறாக உடைத்தால் வருகிற அளவில் குவியல் குவியலாக இருப்பது, கண்ணுக்கே தெரியாத பூச்சிகளின் எச்சம். நூல்போல ஓடுவது பூஞ்சை. கடைசிப் படத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார். அந்தத் துரு வளையத்துக்கு நடுவில் வெளுப்பாக ஒரு வட்டம் தெரியும். அது உயிருள்ள வேர். காட்டுமரம் ஒன்றின் வேர், அப்பாவின் நெல் வேர் விட்டுப்போன அதே குழாய்க்குள் நுழைந்து, பட்டையைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது.

அதைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என் கண் நிறைந்திருந்ததை மறைக்க முடியவில்லை. எத்தனையோ ஊர் மண்ணைத் தேய்த்துப் பார்த்தவள், சொந்த மண்ணைப் பார்த்தது இதுதான் முதல்முறை.

இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. அந்த நிலத்தை நான் பாதுகாக்கவில்லை, வீம்புக்குப் போட்டுவைத்தேன். ஒருவரும் உள்ளே போகாமல் இருந்த அந்தக் காலத்தில் அது தன்பாட்டுக்குத் தன் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெனிஷின் இயந்திரம் ஒருமுறை ஏறி இறங்கினால் இந்த வழியெல்லாம் அடைந்துவிடும். ஆனாலும் நான் வாக்குக் கொடுத்தவள். மரம் பிடுங்கவும் நிலம் நிரப்பாக்கவும் எனக்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முடிவு உன் கையில்.

முத்துக்கனி


அய்யா உண்டு.

திருவட்டாறு
14 மே 2024

முத்துக்கனிக்கு,

பதில் எழுதத் தாமதித்தது வேண்டுமென்றுதான். உன் படத்தைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவன் மண் செத்துக் கிடக்கிறதாம், திரும்பிப் பார்க்காதவள் மண் சிரிக்கிறதாம். படத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மனம் கேட்காமல் திறந்தேன். உன் மைனி அந்தக் கடைசிப் படத்தை ஜன்னலில் பிடித்து, "இது மாமாக்க நெல்லா?" என்று கேட்டுவிட்டு அதை முந்தானையால் துடைத்தாள். ஆனாலும் நான் டெனிஷை வரச்சொல்லிவிட்டேன். இத்தனை வருட நினைப்பை ஒரு படம் மாற்றிவிடுமா என்ற வீம்பு. அது நம் குடும்பச் சொத்து அல்லவா.

போன வாரம் இயந்திரத்தை வரப்புப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். அன்று காலையில் இருந்தே மூட்டமாக இருந்தது. இயந்திரத்தின் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, எங்க இருந்து தொடங்கணும்?" என்றான். நான் காட்டுவதற்குக் கையை நீட்டினேன். அப்போது பெய்தது பார், கோடைமழை! சொரிந்து தள்ளியது. அவன் இயந்திரத்துக்குள்ளே இருந்தான். நான் வரப்பில் நின்று நனைந்தேன்.

என் பக்கம் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. செம்மண் கலங்கி, வாழைமூடு முழுகி, குளம்போல. உன் பக்கம் திரும்பினேன். மழை விழுகிறது, தண்ணீரைக் காணோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சருகு நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் எங்கே போகிறது? குனிந்து பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். என் பக்கத்தில் பெருகிய தண்ணீர் வரப்பின் தாழ்ந்த இடத்தைத் தாண்டி உன் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது இறங்கியபடியே உள்ளே போனது. உன் பக்கத்தில் இருந்து என் பக்கம் தண்ணீர் வருகிறது என்று இத்தனை வருடமாக ஊர் முழுக்கச் சொன்னவன் நான்! மழைக்கு வீட்டுக்குள் ஓடுகிறவன் எங்கே பார்த்திருக்கப் போகிறேன்?

மழை குறைந்ததும் ஒரு சத்தம் கேட்டது மக்கா. மண்ணில் இருந்து குமிழ் விடுகிற சத்தம், பால் உறிஞ்சுகிற பிள்ளைபோல. நீ எழுதியிருந்தாயே வழி வழி என்று, அந்த வழிகளில் எல்லாம் தண்ணீர் நுழைந்து காற்றைத் தள்ளுகிறது. முட்டுப்போட்டு உட்கார்ந்து கேட்டேன். அய்யாவின் நிழல்தாங்கலில் நெற்றிக்கு நாமம் இடுகிற மண்ணைத் தொடுவதுபோல ஒருவிரலால் தொட்டேன். அப்பாவின் நெல் வேர் போன வழியிலும் இப்போது தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் இன்னும் குனிந்து காதை வைத்தேன்.

"அண்ணாச்சி, தொடங்கட்டா?" என்று டெனிஷ் கத்தினான். "வண்டியை எடுத்துட்டுப் போடே" என்றேன். "கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

உன் சம்மதத் தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். உன் பாதி உனக்கு. அதில் ஒருவனும் கால் வைக்கமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல், என் பக்கத்துப் பட்டையை அதே இயந்திரத்தைக் கொண்டு உடைத்தால் என்ன?

பொன்னுலிங்கம்


அய்யா உண்டு.

பெங்களூரு
27 மே 2024

அண்ணா,

மேலே உன்னைப்போல "அய்யா உண்டு" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. உன் கடிதத்தைப் படித்த பிறகு அதை எழுதாமல் தொடங்க முடியவில்லை.

இயந்திரம் வேண்டாம். மழைக்காலத்தில் உடைத்தால் மண் கூழாகி, அடுத்த வெயிலில் முன்பைவிட இறுகிவிடும். உடைத்த இடத்துக்குள் ஒரு வழியும் தானாக வராது. அகத்தி போடு, துவரை போடு, ஆழத்துக்கு வேர் விடுகிற எதையும் போடு. வாழைச்சருகை எரிக்காமல் அந்த இடத்திலேயே விடு. டில்லரை நிறுத்து. முழு வயலையும் சும்மா போடு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது, நீ சாப்பிட வேண்டும். வரப்பை ஒட்டி ஒரு கீற்று நிலத்தை மட்டும் விட்டுக்கொடு. என் பக்கத்தில் இருக்கிற புழுவும் பூச்சியும் அங்கே நடந்து வரட்டும், வழி அவற்றுக்குத் தெரியும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. கைவிரலால் ஒரு மலையைத் தோண்டுகிறவர்களிடம் எப்போது முடியும் என்று கேட்பதுபோல் இருக்கும். ஆனால் அவர்கள் தோண்டிவிடுவார்கள் அண்ணா, நான் கண்டிருக்கிறேன்.

மைனியிடம் சொல், அது மாமாவின் நெல்தான் என்று.

முத்துக்கனி


அய்யா உண்டு.

திருவட்டாறு
19 டிசம்பர் 2025

முத்துக்கனிக்கு,

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. நீ சொன்னபடி வரப்பை ஒட்டி நாலு வரிசை வாழை எடுத்துவிட்டு அகத்தியும் துவரையும் போட்டேன், இப்போது தலைக்கு மேல் நிற்கிறது. ஏலாவில் போகிறவர்கள், "பொன்னுலிங்கத்துக்குத் தங்கச்சிக்க கிறுக்கு ஒட்டிப்போச்சு" என்று சொல்கிறார்கள். டெனிஷ்தான் முதலில் சொன்னவன். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மற்ற இடத்தில் வாழை இந்த வருடமும் சாய்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் அந்தக் கீற்று நிலத்தில் தண்ணீர் முன்னைப்போல வெகுநேரம் நிற்கவில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். உன் மைனியும் வந்து நின்றாள். மழை வந்தால் எங்களுக்கு இப்போது வயலுக்குப் போகத்தான் தோன்றுகிறது.

நேற்று, நீ திருப்பி அனுப்பியிருந்த பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்தேன். மரக்கட்டையை எடுக்கவில்லை. கையால் அமுக்கினேன். பாதிப்பெட்டி இறங்கியது, முத்துக்கனி! கையாலேயே பாதிப்பெட்டி! பாக்கிப் பாதிக்குத்தான் மெல்லத் தட்டவேண்டியிருந்தது. வெட்டி எடுக்கும்போது அடியில் ஒரு துளை கண்டேன், துடைப்பக்குச்சி நுழைகிற அளவு. அது அந்தக் கருத்த பட்டையைத் துளைத்து மறுபக்கம் வருகிறதா, பாதியில் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. எனக்கு இப்போது உலகத்திலேயே தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

இதைக் கூரியரில் அனுப்ப எனக்கு மனம் இல்லை. அவர்கள் எறிகிற எறியில் அந்த வழி அடைந்துபோனால்? அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் ரயில் ஏறுகிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். உன் மைனி துணி சுற்றித் தந்திருக்கிறாள், கூடவே உனக்கு ஒரு சீப்பு ஏத்தம்பழமும். அம்பு மேலே பார்த்துத்தான் இருக்கிறது. நீ தேய்த்து முடிக்கிறவரை வாரக்கணக்கில் ஆகும் என்று தெரியும். அதுவரை உன் வீட்டில் இருக்க இடம் உண்டா? அந்தக் கண்ணாடியில் என் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் நான் ஊருக்குத் திரும்பமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனில் வந்து நில். உன்னோடு பேசமாட்டேன் என்று நான் சொன்ன சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. அதனால் முதலில் நீ பேசு. "வந்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பொன்னுலிங்கம்